பஞ்சு யாரு வச்சது?

…அப்புறம் எதுக்குங்க வாசல்ல அவ்வளவு பெரிய போர்டு? டாக்டர்னா மருந்து எழுதணும். ஊசி போடணும். போகும்போது கையில ஒரு பை நிறைய எதையாவது தூக்கிட்டுப் போனாத்தான் நமக்கும் வைத்தியம் பாத்த மாதிரி இருக்கும். இவரு என்னடான்னா, "சளிதானே, ஒரு வாரத்துல தானா போயிரும். மூச்சு வாங்குதா? இல்ல. பால் குடிக்குதா? குடிக்குது. மூத்திரம் போகுதா? போகுது. அப்ப மூக்குல உப்புத்தண்ணி சொட்டு விடுங்க, போதும்"ங்கறாரு. தானா போறதுக்கு நான் எதுக்குங்க டோக்கன் வாங்கிட்டு இங்க உக்காரணும்? வீட்லயே உக்காந்திருப்பேனே!

உங்க டோக்கன் என்ன தம்பி? இருபத்திமூணா? சரியாப் போச்சு. இப்பதான் ஒன்பது உள்ள போயிருக்கு. இல்ல இல்ல, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்துல வாங்க. கைக்குழந்தையை வச்சுக்கிட்டு விழுந்து கிழுந்து வச்சீங்கன்னா அதுக்கு வேற தனியா டோக்கன் எடுக்கணும். எத்தனை மாசம்? எட்டா? மொதக் குழந்தையா? அதான் பார்த்தேன். ரெண்டாவதுக்கெல்லாம் எந்த அப்பனும் இத்தனை துண்டு, இத்தனை பாட்டில் எடுத்துட்டு வர மாட்டான்.

காய்ச்சலா? ஓ, சளியும் இருக்கா. இருங்க, இவரு என்ன சொல்லுவாருன்னு நானே சொல்லிர்றேன். மொதல்ல எடை போடுவாரு. காய்ச்சலுக்கு மருந்து குடுக்க வயசைக் கேக்க மாட்டாரு, எடையைத்தான் பாப்பாரு. அதுக்குத் தகுந்த மாதிரி இத்தனை மில்லின்னு எழுதி, கீழ ரெண்டு கோடு போடுவாரு. "வீட்டு ஸ்பூன்ல ஊத்தாதீங்க, பாட்டிலோட வந்த மூடியில அளந்து குடுங்க"ம்பாரு. போர்த்தி மூடாதீங்கம்பாரு. "ஆன்டிபயாட்டிக் வேணாமா சார்?"னு நீங்க கேப்பீங்க. கேட்டுப் பாருங்களேன்! கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வச்சிட்டு உங்களை ஒரு பார்வை பாப்பாரு. நானும் ஆறு வருஷமா கேக்கறேன், அவரும் ஆறு வருஷமா கண்ணாடியைக் கழட்டறாரு.

ஒரு தரம் என் பொண்ணுக்கு வயித்தால போச்சு தம்பி. ரெண்டு வயசு அப்ப. தூக்கிட்டு ஓடி வந்து, "சார், உடனே நிக்கற மாதிரி ஒண்ணு குடுங்க"ன்னேன். "நிறுத்த வேணாம், போற தண்ணியை வாய் வழியா திரும்பக் குடுத்துட்டே இருங்க"ன்னு ஒரு பொட்டலத்தை நீட்டறாரு. உப்பும் சர்க்கரையும்! ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா குடுக்கணுமாம். கூட ஏதோ துத்தநாக மாத்திரை. குழாய் ஒழுகுதுன்னு சொன்னா, தொட்டியில தண்ணி ஊத்துங்கன்னு சொல்ற மாதிரி இல்ல? சரி, அவ்வளவு தூரம் வந்தாச்சேன்னு குடுத்தேன். அப்புறம் என்ன ஆச்சுன்னா கேக்கறீங்க? நல்லாயிருச்சு. அதுதாங்க எரிச்சலே. ரெண்டாம் நாளே எந்திரிச்சு உக்காந்து பிஸ்கட் கேக்கறா. ஒரு மனுஷன் நியாயமா குறை சொல்லக்கூட வழியில்லாமப் பண்ணிர்றாரு.

ஆனா பூச்சி மாத்திரையில மாட்டினாரு பாருங்க! ராத்திரியானா பொண்ணு பின்னாடி சொறிஞ்சுக்கிட்டே இருப்பா. ஒரு மாத்திரை எழுதினாரு, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு. வீட்ல இருக்கற எல்லாரும் ஒரே நாள்ல போடணும்னாரு. பொண்ணு போட்டா, அவங்க அம்மாவும் போட்டா. நான் எதுக்குங்க போடணும்? நான் என்ன சின்னக் குழந்தையா, எனக்கு என்ன பூச்சி? அடுத்த மாசமே பொண்ணுக்குத் திரும்ப வந்துருச்சு! "என்ன சார் மருந்து இது"ன்னு வந்து சண்டை போட்டேன். "நீங்க போட்டீங்களா?"ன்னாரு. நான் பேச்சை மாத்திட்டேன். அதெல்லாம் குடும்ப விஷயம்.

என்ன, அந்த நர்ஸம்மா முறைக்குதா? முறைக்கட்டும். என் குரலே இப்படித்தான். மைக் செட் வச்சிருக்கேன் தம்பி. கல்யாணம், ஸ்கூல் ஆண்டு விழா, கடைத் திறப்பு, ஓட்டு கேக்கற கூட்டம், எல்லாத்துக்கும் நம்ம ஸ்பீக்கர் பெட்டிதான். நாள் பூரா அந்தப் பெட்டி பக்கத்துல நின்னு பேசிப் பேசி, மெதுவாப் பேசறதே மறந்து போச்சு.

நான் இப்ப இவர்கிட்ட வரலை. அதோ, அந்தக் கோடியில நீலக் கதவு தெரியுதா? அது காது டாக்டர். வியாழக்கிழமை மட்டும் வர்ற அம்மா. என் பொண்ணு உள்ள இருக்கா, அவங்க அம்மாவும் உள்ள இருக்கா. என்னை மட்டும் வெளிய அனுப்பிட்டாங்க. அநியாயமா இல்ல?

என்ன பண்ணேன்னா… ஒண்ணும் பண்ணலைங்க! காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற டெஸ்ட். தலையில ஒரு ஹெட்போன் மாட்டுவாங்க. "கீ"ன்னு ஒரு சத்தம் வரும். வந்தா மேசையில இருக்கற மரக்கட்டையில ஒண்ணை எடுத்து டப்பாவுல போடணும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே போவாங்க. நான் பொண்ணு பின்னாடி சும்மாதான் உக்காந்திருந்தேன். ஆனா அந்தம்மா பட்டனை அமுக்கறது எனக்குத் தெரியுதே. அமுக்கறாங்க, இவ கட்டையைத் தொடவே மாட்டேங்கறா. பெத்த மனசு சும்மா இருக்குமா? கால் கட்டை விரலால அவ நாற்காலியை லேசா ஒரு தட்டு. போட்டுட்டா! அடுத்ததுக்கு இன்னொரு தட்டு. போட்டுட்டா! இப்படியே நாலு கட்டை ஆச்சு, அருமையாப் போயிட்டிருந்துது. அந்தம்மா சட்டுனு திரும்பி, "சார், டெஸ்ட் உங்களுக்கா, குழந்தைக்கா?"ன்னாங்க. நாலு கட்டையையும் டப்பாவுல இருந்து எடுத்துத் திரும்ப மேசை மேல வச்சுட்டு, "வெளிய உக்காருங்க"ன்னுட்டாங்க.

அரை மணி ஆகப் போகுது. இவ்வளவு நேரமா ஆகும், மரக்கட்டையை டப்பாவுல போட?

எப்படி ஆரம்பிச்சுதுன்னா… நாலு மாசம் இருக்கும். பொண்ணு சொன்ன பேச்சு கேக்கறதை விட்டுட்டா. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, தினமும். "செருப்பைப் போடு"ன்னா அசைய மாட்டா. "டிவியைக் குறை"ன்னா கூட்டுவா. நான் என்ன நினைச்சேன், இது அவங்க அம்மா வீட்டுப் பிடிவாதம்னு நினைச்சேன். என் மாமனார் இருக்காரே, பக்கத்துல இடி விழுந்தாலும் பேப்பரை மடிக்க மாட்டாரு. அந்த ரத்தம்னு விட்டுட்டேன். அப்புறம் ஸ்கூல்ல இருந்து டைரியில எழுதி அனுப்பறாங்க, "வகுப்பில் கவனம் இல்லை. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறாள்"னு. வாங்கியிருந்தாத்தானே தம்பி விடறதுக்கு? அது அந்த டீச்சருக்குத் தெரியலை. எனக்கும் தெரியலைன்னு வைங்க. ஆனா நான் டீச்சருக்குப் படிக்கலையே!

என்னென்ன பண்ணேன் தெரியுமா? கண் டெஸ்ட் பண்ணேன். ஞாபக சக்திக்கு டானிக் வாங்கிக் குடுத்தேன், ரெண்டு பாட்டில். மொத பெஞ்சுல உக்கார வைங்கன்னு ஸ்கூல்ல போய் கத்திட்டு வந்தேன். அப்புறம் காதுல ஒரு மாதிரி வாடை வர ஆரம்பிச்சுது. அவ வேற விரலை விட்டு விட்டு நோண்டறா. சரி, அழுக்குதான்னு, எண்ணெயை லேசா சூடு பண்ணி ரெண்டு சொட்டு விட்டேன். குச்சியில பஞ்சு சுத்தினது விக்குதே, அதை விட்டு நல்லா சுத்தம் பண்ணேன். உள்ள வரைக்கும். யாரு இந்தக் காலத்துல பொண்ணு காதை இவ்வளவு அக்கறையாப் பாக்கறா, சொல்லுங்க? அதுக்கப்புறம் சுத்தமாவே கேக்கலை அவளுக்கு.

ரெண்டு வாரம் முன்னாடிதான் இவர்கிட்டக் கூட்டிட்டு வந்தேன். நம்ம ஆளு காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தாரு. உடனே அந்தம்மாகிட்ட அனுப்பிட்டாரு. அவங்க நீளமா ஒரு இடுக்கியை விட்டு, மெதுவா, ரொம்ப மெதுவா இழுத்தாங்க. கறுப்பா ஒண்ணு வந்துது. ஊறிப் போய், நாத்தம் தாங்கலை. பஞ்சு! அடுத்த காதுலயும் அதே மாதிரி இன்னொண்ணு. வலது காதுல சீழ், செவிப்பறையில சின்னதா ஓட்டை. "பெரும்பாலும் தானா மூடிக்கும், சொட்டு மருந்து விடுங்க, குளிக்கும்போது தண்ணி போகாமப் பாத்துக்கங்க, எண்ணெய் கூடாது, குச்சி கூடவே கூடாது, ரெண்டு வாரத்துல வந்தா கேக்குதான்னு பாக்கலாம்"னாங்க. அப்புறம் எங்க மூணு பேரையும் பாத்து, "பஞ்சு யாரு வச்சது?"ன்னு கேட்டாங்க.

நான் உடனே சொல்லிட்டேன், "ஸ்கூல்ல எவனோ வச்சிருக்கான் மேடம்"னு.

சும்மா விடுவேனா? மறுநாளே ஸ்கூலுக்குப் போனேன். பக்கத்துல உக்கார்ற பையன் மேல எனக்கு ஒரு சந்தேகம், அவன் முழியே சரியில்ல. அவங்க அப்பா போலீஸ்காரருன்னு தெரிஞ்சதும், சரி, அவனா இருக்காதுன்னு வந்துட்டேன். அப்புறம் என் கொழுந்தியா. என் சம்சாரத்தோட தங்கச்சி. தலையணை, மெத்தை தைக்கறவ. அவ வீட்டுக்குப் போனாலே பஞ்சு பறக்கும், தலையெல்லாம் நரைச்ச மாதிரிதான் திரும்பி வருவோம். பொண்ணு அங்க விளையாடப் போறா. வேற என்ன சாட்சி வேணும்? நேராப் போய்க் கேட்டேன், "ஏம்மா, குழந்தை காதுல பஞ்சு போற அளவுக்கா அஜாக்கிரதையா இருப்பே"ன்னு. அழுதுட்டா. அன்னைலேருந்து அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல. என்ன பண்றது, நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல…

தம்பி. ஒரு நிமிஷம். குழந்தையை இந்தப் பக்கம் திருப்புங்க.

காதுல என்ன அது? பஞ்சா? குளிர் காத்து போகக் கூடாதுன்னு வச்சீங்களா? எடுங்க. இல்ல, இப்பவே எடுங்க! இழுங்க, மெதுவா… பிச்சுக்காம வருதா? முழுசா வந்துதா? அந்தக் காது? எத்தனை வச்சீங்க? காதுக்கு ஒண்ணுதானா, நல்லா யோசிங்க. காலையில நீங்க ஒண்ணு வச்சு, அது இருக்கறது தெரியாம வீட்ல இன்னொருத்தங்க ஒண்ணு வச்சிருந்தா? டாக்டர்கிட்டச் சொல்லி லைட் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. வெக்கப்படாதீங்க. வச்சா எண்ணி வைக்கணும் தம்பி, எண்ணி எடுக்கணும். வைக்கவே கூடாது, அது வேற. நான் எண்ணலை.

…ஆமா. நான்தான்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? வேணும்னே வைப்பேனா? சம்சாரத்துக்கு சனி, ஞாயிறுதான் கடையில வேலை ஜாஸ்தி. பொண்ணைத் தனியா விட முடியுமா? நான் போற மண்டபத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போவேன். என் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வைப்பேன், பெரிய மனுஷி மாதிரி உக்காந்திருப்பா. அந்தச் சத்தத்துல பிஞ்சுக் காது என்னத்துக்கு ஆகும்? காது நல்லா இருக்கணும்னுதாங்க பஞ்சு வச்சேன்! அவ பிடுங்கிப் பிடுங்கிப் போட்டா, அதனால நல்லா உருட்டி, உள்ள தள்ளி வச்சேன். நாலு மாசம் முன்னாடி ஒரு கல்யாணம். அன்னைக்குன்னு பாத்து ஒரு பெட்டி கரகரன்னு இழுக்குது, மாப்பிள்ளையோட அப்பா என் சட்டையைப் பிடிக்காத குறை. மத்தியானம் சாப்பிட்டு வந்தா, பஞ்சைக் காணோம். எடுத்துப் போட்டுட்டான்னு திரும்ப வச்சேன், ரெண்டு பக்கமும். சாயங்காலம் ரெண்டை எடுத்தேன். கணக்கு சரியா இருந்துது. காலையில வச்ச ரெண்டு உள்ள போயிருக்கும்னு நான் என்ன கனவா கண்டேன்?

அந்தம்மா இடுக்கியில பிடிச்சிருந்தாங்களே, அந்தப் பஞ்சுல ஒரு சிவப்பு நூல் தெரிஞ்சுது. கடையில விக்கற வெள்ளைப் பஞ்சு இல்ல அது. பெட்டி துடைக்க, வயர் முனை துடைக்க நாங்க மொத்தமா வாங்கி வச்சிருக்கற கழிவுப் பஞ்சு. எல்லாக் கலர்லயும் நூல் கலந்திருக்கும். எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. அப்பவும் ஸ்கூல்ல எவனோன்னு சொன்னேன் பாருங்க… பொண்ணு என்னைத் திரும்பிப் பாத்தா. அவளுக்கும் அந்தப் பஞ்சு தெரியும், எத்தனை நாள் அதை வச்சு என் கூட உக்காந்து பெட்டி துடைச்சிருக்கா. ஒரு வார்த்தை சொல்லலை தம்பி. காட்டிக் குடுக்கலை. ஆறு வயசு.

இன்னொண்ணும் இருக்கு. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். போன மாசம் பெரிய பெட்டியை வண்டியில இருந்து இறக்கறோம், இவ குறுக்க நிக்கறா. "நகரு, நகரு"ன்னு தொண்டை கிழியக் கத்தறேன், அவ பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறா. பெட்டி வழுக்கி வந்து அவ குதிகால்கிட்ட ஒரு சாண் தள்ளி நின்னுது. எனக்கு உயிரே போயிருச்சு. அந்தப் பயத்துல முதுகுல ஒண்ணு வச்சேன். பலமா. "காது என்ன அவிஞ்சா போச்சு?"ன்னு கேட்டேன். இந்த வாயாலதான் கேட்டேன்.

ரெண்டு வாரமா சொட்டு மருந்து விடறேன், வேளை தப்பாம. காதைக் காட்டறா, விட்டதும் எந்திரிச்சுப் போயிர்றா. என்கூடப் பேசறதில்ல. பின்னாடி நின்னு கூப்பிட்டுப் பாத்தேன், "பாப்பா"ன்னு. திரும்பலை. எத்தனையோ தரம் கூப்பிட்டேன். கேக்காமத் திரும்பலையா, கேட்டும் திரும்பலையான்னு எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமா எங்க பெட்டி எவ்வளவு தூரம் கேக்கும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இது தெரியலை. கோபம்னா பரவாயில்லைங்க. கோபமாவே இருக்கட்டும், காலம் பூரா இருக்கட்டும், நான் என்ன வேணாம்னா சொல்றேன்? காது மட்டும்…

கதவு திறக்குது. இருங்க. இருங்க தம்பி.

வந்துட்டாங்க, அம்மாவும் பொண்ணும். என்னம்மா? என்ன சொன்னாங்க? நீ ஏன் கண்ணைத் துடைக்கிறே? சொல்லேன்! …ம்? சீட்டுல என்ன எழுதியிருக்கு? வலது பக்கம் கொஞ்சம் குறைச்சல்… ஓட்டை மூடிட்டு வருதா… இடது சரியா இருக்கா? முழுசாவா? ரெண்டு மாசத்துல இதுவும் சரியாயிருமா? அந்தம்மாவே சொன்னாங்களா, இல்ல நீயா சொல்றியா? …கட்டை எத்தனை போட்டா? எல்லாமேவா?

என்ன பாப்பா? …நானா? நானா கத்தினேன்? சும்மா இந்த அண்ணன்கிட்டப் பேசிட்டு இருந்தேன்டா… உள்ள வரைக்கும் கேட்டுச்சா? கதவு சாத்தித்தானே இருந்துது? ஹெட்போனைக் கழட்டினப்புறமா… எது கேட்டுச்சு? …ஓ. …சிவப்பு நூலுமா? …அம்மாவுக்கும் கேட்டுச்சா?

சரி. நீ இப்ப எதுவும் சொல்லாதே. எனக்குத் தெரியும், தெரியும். இப்படியே நேரா உன் தங்கச்சி வீட்டுக்குத்தான் போறோம். நான்தான் மொதல்ல உள்ள போவேன், போதுமா? பூச்சி மாத்திரையுமா? சரி, அதையும் போடறேன்!

தம்பி, எங்க எந்திரிச்சுட்டீங்க? உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கே. அந்த நாற்காலி ஆடும்னேனே… சரி, சரி, போய் உக்காருங்க. லைட் அடிச்சுப் பாக்கச் சொல்ல மறந்துராதீங்க.

பாப்பா, இங்க வா. வரமாட்டியா? சரி, நான் வரேன். இந்தக் காதைக் காட்டு, நல்ல காதை. மெதுவாத்தான் சொல்லப் போறேன், பாரு… பஞ்சு அப்பாதான் வச்சேன். பொய் சொன்னதும் அப்பாதான். உன்னை அடிச்சதும் தப்பு. ரொம்பத் தப்பு.

…என்னது? கேக்கலையா?

இல்லடா, இப்ப ரொம்ப மெதுவா சொல்லிட்டேன் போல. இரு. பஞ்சு அப்பாதான்… ஏய். ஏய், என்ன சிரிப்பு? கேட்டுச்சுதானே உனக்கு? மொதத் தரமே கேட்டுச்சுதானே?

…சரிடா. கேக்கலைன்னே வச்சுக்கோ. அப்பா இன்னொரு தரம் சொல்றேன்.